வந்தியின் பங்கைச் சுமப்பது யார்?

சொந்த வீடு வாங்கப் போகிறீர்களா? சந்தோஷம்! வாசல் கிழக்குப் பார்த்ததா, குடிதண்ணீர் வருமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, காலாற நடந்து போய்க் கும்பிட ஒரு கோயில் உண்டா... எல்லாம் விசாரித்திருப்பீர்கள். கூடவே, குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டிருப்பீர்கள். ‘அக்கம்பக்கத்துல எல்லாம் நம்மவங்கதானே?’

பழகிய முகங்களுக்கு நடுவே வாழ நினைப்பது மனித சுபாவம்தான். ஆனால், ‘நம்மவர்’ என்பது யார்?

திருவிளையாடல் புராணத்தில் வரும் வந்திப் பாட்டியை உங்களுக்குத் தெரியும். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியனின் கட்டளை. பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்குப் பிள்ளை குட்டி இல்லை. கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு, சொக்கநாதப் பெருமானே அவளுக்காக மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றும் இதைக் கொண்டாடுகிறது.

கதை கேட்டு உருகுகிறோம். ஒன்றை யோசித்தோமா? மதுரை, சொக்கநாதரே கோயில்கொண்ட ஊர். அங்கே வந்தியைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ‘நம்மவங்க’தானே! கெட்டவர்களும் அல்ல. அவரவர் பங்கு அவரவருக்கு. அரசனிடம் பயம் வேறு. அவளுக்காக ஒரு கூடை மண் சுமக்கத்தான் யாரும் இல்லை.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததே, நினைவிருக்கிறதா? கீழ்வீட்டுக்காரர்களுக்கு மாடி வீட்டுக் கதவுகள் திறந்தன. கோயில், மசூதி, தேவாலயம் எல்லா இடத்திலும் சோறு கிடைத்தது. கழுத்தளவுத் தண்ணீரில் கை நீட்டியவரிடம், ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்று கேட்கத் தோன்றுமா? அந்த நேரத்தில் கை கொடுத்தவர்தானே நம்மவர்!

ஆகவே சகோதரிகளே, வீடு பார்க்கப் போகும்போது மழைக்காலத்தில் ஒருமுறை போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அப்படியே தெருமுனைக் கடையில், ‘இங்கே தனியா இருக்கிற பெரியவங்க யாராவது உண்டா? முடியலைன்னா யார் பார்த்துக்கிறாங்க?’ என்று கேளுங்கள். நாலு பேர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், யோசிக்காமல் அட்வான்ஸ் கொடுங்கள்!

‘தெரியலையேம்மா’ என்றால்? அந்த இடத்தை ஒதுக்கிவிட வேண்டுமா? நம் கையிருப்புக்கும் வங்கிக் கடனுக்கும் அந்த வீடுதான் கட்டுப்படியாகும் என்றால் என்ன செய்வது? பெருமான், எல்லோருக்கும் ஆள் இருக்கும் ஊரைத் தேடிப் போகவில்லையே. ஆள் இல்லாத வந்தியைத் தேடித்தானே வந்தார்!

கிரகப்பிரவேசத்தன்று காய்ச்சிய பாலில் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவில் தனியாக இருக்கும் பெரியவரின் கதவைத் தட்டுங்கள். நல்ல அக்கம்பக்கம் அன்றைக்கு உங்களிடமிருந்தே தொடங்கட்டும்.