சமயமும் நாட்டின் பெருமையும்

கிறித்து சமயமே ஆங்கில நாட்டின் பெருமைக்கு அடிப்படையென்பர் ஒருசாரார். அதனை ஈண்டு ஆராய்வாம். அந்நாட்டார் அச்சமயந் தழுவிப் பன்னூறாண்டு கழிந்த பின்னரும் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விலைப்பொருளாக விற்றனர். ஆதலின், சமயத்தின் பெயர் மாத்திரையான் ஒரு நாடு உயர்வதில்லை.

அற்றேல், சமயத்தாற் பயனில்லையோவெனின், உண்டு. அவ்விழிவு கண்டு நெஞ்சு நைந்து, 1789 முதல் பாராளுமன்றத்தில் இடையறாது வாதாடிய வில்பர்போர்ஸ் என்பாரும் அச்சமயப் பற்றுடையவரே. அடிமை வாணிகத்தை விலக்குஞ் சட்டம் 1807-லும், அடிமை முறையை ஒழிக்குஞ் சட்டம் 1833-லும் நிறைவேறின. ஆயினும், ஈடாக வகுத்த 2 கோடி பவுன் அடிமைகளை உடையார்க்கே சென்றது. உழைத்து நலிந்தார்க்கு ஒரு காசுமில்லை. அறம் ஆண்டும் முற்றுப்பெற்றிலது.

விற்றார்க்கும் தடுத்தார்க்கும் மறை ஒன்றே. ஓதிய நெறி ஒழுக்கமாய் விளைந்த அளவே நாட்டின் பெருமையென்பது எம் துணிபு. இஃது எச்சமயத்தார்க்கும் ஒக்கும், நமக்கும் ஒக்கும்.