கேட்காமல் முடித்த கணக்கு

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். இருபத்தைந்து வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்திய பெண், அவர் இறந்துபோனபின் அவருக்கு என்ன உறவு?

'இதென்ன கேள்வி, மனைவிதான்!' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுக்கும்வரை.

மேற்கு மாம்பலத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். கணவர் இன்ஜினீயர். 2019ல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டார்கள். மனைவி, ஒரே மகள் என்று இரண்டு பெயர்கள். விசாரணை முடிவதற்குள் கும்பகோணத்திலிருந்து ஓர் ஆட்சேபனை வந்து சேர்ந்தது. 'நான்தான் அவருடைய சட்டப்படியான மனைவி. எங்களுக்கு ஒரு மகனும் இருக்கிறான்.'

அந்த அம்மாவுக்கு இது புதுச் செய்தி இல்லை. "அவர் எதையும் மறைக்கலை சார். பொண்ணு பார்க்க வந்தப்பவே சொன்னார். முதல் கல்யாணம் 1984ல, ஒத்து வரலை, அமெரிக்காவுல இருந்தப்ப 1992ல டைவர்ஸ் ஆயிடுச்சுன்னார். கோர்ட் பேப்பரை எங்கப்பாகிட்ட காட்டினார். சீலெல்லாம் போட்டிருந்தது. அமெரிக்கா கோர்ட்டே சொல்லியாச்சு, அப்புறம் என்னன்னு அப்பாவும் சரின்னுட்டார்."

1994ல் கோயிலில் தாலி கட்டினார்கள். அதன்பின் கால் நூற்றாண்டு. மாமியாரின் கடைசிக் காலத்தில் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் இவர்தான்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1991ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் கணவன் மனைவிக்கு 1975ல் திருப்பதியில் கல்யாணம். கணவர் அமெரிக்கா போனார். மிசௌரி மாநிலத்தில் தொண்ணூறு நாள் வசித்ததாகச் சொல்லி, அங்கே உள்ள கோர்ட்டில் 1980ல் விவாகரத்து வாங்கினார். மனைவி அங்கே போய் வழக்காடவில்லை. அடுத்த வருஷம் ஊருக்கு வந்து இன்னொரு கல்யாணம். முதல் மனைவி இங்கே கிரிமினல் வழக்குப் போட்டார். அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம்.

காரணம் எளிமையானது. இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை, அந்தச் சட்டத்தில் உள்ள காரணங்களைக் காட்டித்தான் முறிக்க முடியும். 'இனி ஒட்டாத அளவுக்கு உடைந்துவிட்டது' என்று மிசௌரி கோர்ட் சொன்ன காரணம் அதில் இல்லை. இன்னொன்று, எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த வழக்கில் வாதாடியிருக்க வேண்டும், அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்தது என்பது மட்டும் போதாது.

இதை மேற்கு மாம்பலம் ஃபிளாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 1992ல் வாங்கிய விவாகரத்து செல்லாது என்றால், முதல் கல்யாணம் முடியவே இல்லை. அது முடியாதபோது நடந்த இரண்டாவது, சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. உயில் இல்லாததால் ஃபிளாட் மூன்று பங்கு. முதல் மனைவிக்கு ஒன்று. அவர் மகனுக்கு ஒன்று. இரண்டாவது பெண்ணின் மகளுக்கு ஒன்று. ஏனென்றால், செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. 2023ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக உறுதி செய்தது.

என் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு? பூஜ்யம்.

அந்த அம்மா ஃபைலைப் புரட்டினார். "நானும் வேலைக்குப் போனேன் சார். அவர் சம்பளத்துல ஹவுசிங் லோன் கட்டுவோம். என் சம்பளத்துல அரிசி, பால், ஸ்கூல் ஃபீஸ், அத்தைக்கு மருந்து. யாராவது அரிசிக்குப் பில் வெச்சிருப்பாங்களா?"

நான் பி.காம். படித்தவன். எந்தச் செலவுக்கும் வவுச்சர் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பேங்க் பாஸ்புக்கில் ஒவ்வொரு தவணையும் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தத் தவணையை அவர் கட்ட முடிந்ததே, வீட்டு அடுப்பு இன்னொரு சம்பளத்தில் எரிந்ததால்தான். அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இதுவரை படித்த உங்களுக்கு 1991 தீர்ப்பின் மேல் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் கொஞ்சம் கும்பகோணம் வரை போய் வருவோம், வாருங்கள்.

அங்கே ஒரு இளம்பெண். இடுப்பில் குழந்தை. 'சீக்கிரம் அழைச்சுக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போன கணவரிடமிருந்து முதலில் கடிதம் குறைகிறது, பிறகு நிற்கிறது. 1992ல் ஒரு நாள் தபாலில் தடிமனான கவர் வருகிறது. உள்ளே முழுக்க இங்கிலீஷ். மேப்பில்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத ஓர் ஊர் கோர்ட்டில் ஆஜராகச் சொல்கிறார்கள். விசா யார் தருவார்கள்? டிக்கெட்டுக்கு எங்கே போவது? அந்த ஊர் வக்கீலுக்கு டாலரில் ஃபீஸ் யார் கட்டுவது? அவருடைய அப்பா உள்ளூர் வக்கீலைப் பார்க்கிறார். 'இந்தப் பேப்பர் இங்கே செல்லாது, விட்டுத் தள்ளுங்க' என்கிறார் வக்கீல். தள்ளிவிட்டார்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். அந்தப் பெண் அதன்பின் இருபத்தேழு வருஷம் மனைவியாகவும் வாழவில்லை, விடுதலையாகவும் வாழவில்லை. இங்கே கோர்ட்டுக்குப் போகாமல் அவர் இன்னொரு கல்யாணம் செய்திருந்தால், அது குற்றமாகியிருக்கும். தையல் மிஷினை மிதித்து மகனைப் படிக்கவைத்தார்.

அந்த அமெரிக்கப் பேப்பர் இங்கே செல்லும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? விமான டிக்கெட் வாங்க வசதி உள்ள யார் வேண்டுமானாலும், எதிர்த்தரப்பு வந்து சேர முடியாத ஓர் ஊராகப் பார்த்துப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வரலாம். உச்ச நீதிமன்றம் அடைத்தது அந்தக் கதவைத்தான். அது சரியான கதவு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆக, கும்பகோணத்து அம்மா சொல்வதும் நியாயம். மாம்பலத்து அம்மா சொல்வதும் நியாயம். ஒருவர் கையில் சட்டம் இருக்கிறது, இன்னொருவர் கையில் இருபத்தைந்து வருஷ வாழ்க்கை இருக்கிறது. இருவரும் ஒரு ஃபிளாட்டுக்கு எதிரெதிரே நிற்கிறார்கள். அங்கே நிற்க வேண்டிய மூன்றாவது ஆள், மாலை போட்ட போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எரிச்சல் வந்தது அவர் மேல்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இரண்டாவது மனைவியிடம் பொய்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு காரியத்தைத் தவிர்த்தார். முதல் மனைவியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, 'நாம பிரிஞ்சிடலாம், உனக்கும் பையனுக்கும் என்ன வேணும் சொல்லு' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், இங்கேயே குடும்ப கோர்ட்டில் இருவரும் சம்மதித்துப் பிரிந்திருக்க முடியும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து பத்தாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கோர்ட்டில் போய் முடித்தார்.

கணக்கில் ஒரு விதி உண்டு. பாக்கிக்காரரிடம் ஒப்புதல் வாங்காமல் 'கணக்கு தீர்ந்தது' என்று நீங்களே எழுதிக்கொண்டால், உங்கள் புத்தகத்தில் மட்டும்தான் அது தீர்ந்திருக்கும். அவர் புத்தகத்தில் பாக்கி அப்படியே நிற்கும். வருஷா வருஷம் அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்லப்படும். நீங்கள் போன பிறகு, அதை யாராவது ஒருவர் கட்டியாக வேண்டும். பெரும்பாலும் அதைக் கட்டுவது, நாம் அதிகம் நேசித்த ஆள்தான்.

சரி, பிறகாவது? சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும். 'இவளுக்கு வீடு, முதல் மனைவிக்கும் மகனுக்கும் இவ்வளவு' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் இந்த மஞ்சள் பையே இல்லை. ஆனால் அப்படி எழுத வேண்டுமென்றால், முதல் மனைவியின் பெயரை அவர் ஒருமுறை தன் கையால் எழுதியாக வேண்டும். அதுதான் முடியாமல் போயிருக்கிறது.

2008ல் உச்ச நீதிமன்றம் சொன்ன இன்னொரு தீர்ப்பு எனக்கு ஞாபகம் வருகிறது. இறந்துபோன சுரங்க ஊழியர் ஒருவரின் பணத்துக்கு நாமினி, அவருடைய இரண்டாவது பெண். நான்கு பிள்ளைகள். முதல் மனைவியும் உரிமை கேட்டார். வாரிசுரிமைச் சான்றிதழை நாமினியிடமே கொடுத்த கோர்ட், முதல் மனைவிக்கு ஐந்தில் ஒரு பங்கைப் பத்திரப்படுத்தச் சொன்னது. சட்டத்தை மீறாமல், கூட வாழ்ந்தவளையும் கௌரவமாக நடத்த கோர்ட்டால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

"நீங்க அவங்களைப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் சார். கோர்ட் வராந்தாவுல. திட்டுவாங்கன்னு பயந்தேன். திட்டலை. 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேனே'ன்னாங்க. அப்புறம் எதுவும் பேசலை. ஆனா கேஸை வாபஸ் வாங்கலை."

ஏன் வாங்க வேண்டும்? இருபத்தேழு வருஷத்தில் யாரோ முதல்முறையாக அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறார்கள். அதை நான் பேராசை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த இரண்டு பேரின் பிள்ளைகளும் போனில் பேசத் தொடங்கியிருக்கிறார்களாம். மகளின் பங்கோடு அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், மற்ற இரண்டு பங்குக்குப் பணமாகத் தருகிறோம் என்று பேச்சு. படியுமா, தெரியாது. படிந்தால், அப்பா செய்யாமல் விட்டதைப் பிள்ளைகள் செய்த மாதிரி.

நீங்கள் வெளிநாடு போகாதவராக இருக்கலாம், ஒரே கல்யாணத்தோடு சௌக்கியமாக இருப்பவராகவும் இருக்கலாம். ஆனாலும், ஒருவரிடம் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்காமல், நாமாகவே 'முடிந்தது' என்று எழுதி மூடிய கணக்கு ஒன்றாவது நம்மிடம் இருக்கும். அண்ணனிடம், தங்கையிடம், பழைய பார்ட்னரிடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பாருங்கள். அந்த ஆள் உயிரோடு இருந்தால், ஒரு போன் போடுங்கள்.