பழுதுற்ற பெட்டியும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அனுவிரதங்களுள் இறுதியில் நிற்பது பரிக்கிரக பரிமாணம், அஃதாவது பொருள் வரைதல். கொல்லாமையையும் பொய்யாமையையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் அளவிற்கு இவ்விரதத்தை நாம் எடுத்துரைப்பதில்லை. நிலம், மனை, பொன், தானியம், ஆடை என்று முன்னோர் வகுத்த பட்டியலில் மின்சாரப் பொருள்கள் இல்லை. ஆதலின் அவை விரதத்திற்குப் புறம்பானவை என்னும் எண்ணம் எப்படியோ நம்முள் புகுந்துவிட்டது. இங்கு நாம் ஆராயப் புகுவது மிகச் சிறியதொரு வினா. ரிமோட்டுக்குக் கட்டுப்படாமற்போன தொலைக்காட்சிப் பெட்டியை ஒரு சிராவகர் குடும்பம் என்ன செய்தல் தகும்?

பொத்தானை அழுத்துகிறோம், பெட்டி அசையவில்லை. உடனே "டி.வி. கெட்டுப்போயிற்று" என்னும் தீர்ப்பு பிறந்துவிடுகிறது. அநேகாந்தத்தைப் பற்றிய சொற்பொழிவில் தலையசைத்து மகிழும் நாம், நம் கூடத்துப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது ஏகாந்தவாதிகளாகி விடுகிறோம். அதன் பின்புறத்திலோ அடிப்புறத்திலோ உள்ள பொத்தானை விரலால் அழுத்திப் பார்த்தால் திரை ஒளிர்கிறது, ஒலியும் தெளிவாக வருகிறது. ஒரு நயத்தால் அது பழுதுற்றது; மற்றொரு நயத்தால் பழுதற்றது. வினாவிற்கு விடை கூறாத பிள்ளையை மந்தன் என்று முடிவு கட்டுமுன், வினா அவன் செவிக்கு எட்டியதா என்று பார்க்கவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். பெட்டிக்கும் அது பொருந்தும்.

ரிமோட் என்பது உண்மையில் ஒரு சிறு விளக்கே. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்து, அத்துடிப்பையே குறிப்பு மொழியாக அனுப்புகிறது. பெட்டியின் முகப்பில் உள்ள சிறிய கண் அதனை வாங்கிக்கொள்கிறது. இத்துடிப்பு ஏன் வேண்டியதாயிற்று என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் சாதாரண ஒளிக்கற்றையால் இயக்கும் கருவியொன்றை வெளியிட்டது. ஆனால் சன்னல் வழியே வந்த சூரிய ஒளியே அலைவரிசையை மாற்றிவிடக் கண்டு, மறு ஆண்டே அந்நிறுவனம் செவிக்கெட்டாத ஒலிக்கு மாறியது. அகச்சிவப்பு ஒளி பிற்காலத்தில் வந்தது. கதிரவன் ஒளியிலிருந்தும் விளக்கொளியிலிருந்தும் கட்டளையைப் பிரித்தறிவதற்கே இன்றைய துடிப்பு. அப்படியிருந்தும் மாலை வெயில் நேரே அக்கண்ணின்மேல் விழும் கூடங்களில் பெட்டி தடுமாறுவதுண்டு. திரைச்சீலையை இழுத்துவிட்டால் பழுது நீங்கிவிடும்!

ஆகவே குறை அனுப்பும் இடத்தில் இருக்கலாம், வழியில் இருக்கலாம், வாங்கும் இடத்தில் இருக்கலாம். கைப்பேசியின் கேமராவை, சிறப்பாக முன்புறக் கேமராவை, ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிறிய ஊதா நிற ஒளி மின்னும். மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. மின்னாவிடில் முதலில் மின்கலங்களைப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. பழைய மின்கலம் கசிந்து சுருள்கம்பியில் வெண்மையாகப் பூத்திருந்தால், வெறுங்கையால் தொடாமல், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். சில பொத்தான்கள் மட்டும் வேலை செய்யவில்லையெனில், உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டில் கை எண்ணெயும் தூசும் படிந்திருக்கும். இவற்றோடு, செட்டாப் பெட்டியின் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகளும் உள. புதுவகைப் பெட்டிகளுள் சில புளூடூத் வழியே பேசுவன. அவற்றை மின் இணைப்பிலிருந்து சற்று நேரம் விலக்கி, ரிமோட்டை மீண்டும் இணைக்கவேண்டும். இவையெல்லாம் பயனற்றபோதே வாங்கும் கண்ணைச் சந்தேகிக்கலாம். அதுவும் மூன்று கால்களுடைய, விரல் நகத்திலும் சிறிய ஓர் உறுப்பு. பழுது பார்ப்பவர் அதனை மட்டும் மாற்றிவிடுவார்.

இத்துணைப் பொறுமை எதற்கு, புதியதே வாங்கலாமே என்று இளையோர் கேட்பர். வாங்கலாம், பழையது எங்கே போகும்? பெரும்பாலும் பரணுக்கு. 2006இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்த் தமிழக அரசு வழங்கிய வண்ணப் பெட்டிகளுள் எத்தனை இன்று நம் ஊர்ப் பரண்களில் உறங்குகின்றன என்று பார்த்தால் தெரியும். பரணிலிருந்து இறங்கினால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அப்பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. தொடக்ககாலத் தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் பாதரசம் உண்டு. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர் நுரையீரல் கெடுகிறது. நிலமும் நீரும் கெடுகின்றன. நிலத்தையும் நீரையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று நம்பும் நமக்கு இது பிறர் கவலையாக இருத்தல் இயலாது. தேவையின்றி அவற்றைச் சிதைப்பதை அனர்த்ததண்டத்தின் ஒரு வகையாகிய பிரமாதசரியை என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் வகுத்துள்ளார். மின்னணுக் கழிவுக்கு அரசும் 2011இல் விதி செய்தது. 2022இல் வகுத்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பதை நம் குடும்பங்களில் அறிந்தோர் சிலரே.

மறுபுறம், "பெட்டி நின்றதே நல்வினை, துஷ்ருதி ஒழிந்தது" என்பாரும் நம்மிடையே உளர். தீயன கேட்டலும் அனர்த்ததண்டமே. அவர் கூற்றை எளிதில் தள்ளுதற்கில்லை. எனினும் தானே நின்றதைத் தியாகம் என்று சொல்லலாமா? தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் பரிக்கிரகத்தைப் பொருளின் எண்ணிக்கையால் விளக்காமல் மூர்ச்சையால், அஃதாவது பற்றால், விளக்குகிறது. பரணில் கிடக்கும் ஓடாத பெட்டியும் "நம்முடையது" என்னும் எண்ணத்தோடு கிடக்கிறது. வேண்டாம் எனில் செப்பனிட்டு வேண்டுவோர்க்கு ஈவதே முறை. வேண்டுமெனில், பெட்டி பழுது பார்க்கப் போயிருக்கும் நாட்களைக் கவனிக்கவேண்டும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லங்களில் மாலை நீளமானது. அந்நேரம் சினமும் சலிப்புமாகக் கழிகிறதா, பேச்சும் படிப்புமாகக் கழிகிறதா என்பதில் பற்றின் அளவு தெரிந்துவிடும்.

பழுது பார்ப்பவரிடம் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. வெதுவெதுப்பை நாடி எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறுவது இயல்பு. திறந்தவுடன் மருந்தடிப்பது அவர் வழக்கமாக இருக்கலாம். இல்லறத்தில் தவிர்க்கவொண்ணாத ஆரம்ப ஹிம்சை வேறு. இருப்பதை அறிந்து அடிப்பது சங்கற்ப ஹிம்சை. மருந்தடிக்கலாகாது, மூடியைக் கழற்றி நிழலில் வைத்து மென்தூரிகையால் மெல்ல நீக்கித் தருக என்று முன்னதாகவே கேட்டுக்கொண்டால் அவர் மறுக்கமாட்டார். நாமே திறக்கத் துணியலாகாது. மின் இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இனி, இவ்வினாவில் பெரிதும் அடிபடுவோர் முதியோர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் பலர். முழங்கால் வலியோடு எழுந்து சென்று பெட்டியின் அடியில் தடவிப் பொத்தான் தேட அவர்களால் இயலாது. வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார்கள். இருளடைந்த திரையின் முன் பேசாதிருப்பர். செய்தியறிந்த மகன் அங்கிருந்தபடியே புதிய பெட்டியை அனுப்பிவைக்கிறான். அன்புதான்; ஐயமில்லை. ஆனால் புதிய ரிமோட்டில் எண்களே இருப்பதில்லை. படங்களும் அம்புக்குறிகளுமே உள்ளன. பழைய ரிமோட்டில் விரலே வழியறியும். புதியது மூன்றாம் நாள் உறையோடு அலமாரிக்குப் போகிறது; பெட்டிக்குத் துணிமூடி போடப்படுகிறது. இரண்டு மின்கலங்களோடு ஒருமுறை நேரில் வந்து, பக்கத்தில் அமர்ந்து பொத்தான்களைத் துடைத்துக் கொடுத்திருந்தால், வையாவிருத்தியத்தில் ஒரு பகுதியும் அன்றைக்கு நிறைவேறியிருக்கும்.