வேலியும் பொட்டும்

சண்டிலிப்பாயில் ஒரு காலத்தில் வேலியில்லாத வளவைக் காண்பது அரிது. பூவரசும் கிளுவையும் கதிகாலாக நிற்க, வரிந்து கட்டிய கிடுகு வேலி, "இது எங்கள் வளவு" என்று சொல்லும். ஆனால் அந்த வேலியிலே ஒரு பொட்டும் இருக்கும். கறியும் நெருப்பும் கைமாறியதும், ஆபத்து வேளையில் அயல்வீட்டு ஆச்சி ஓடிவந்ததும் அந்தப் பொட்டு வழியாகத்தான். இன்று கிடுகு வேலிகள் அருகி, மதில்கள் எழுந்துவிட்டன.

உயிருக்கும் வேலி உண்டு. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்களவே. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று அது தெரிவு செய்கிறது. மாரியிலே சண்டிலிப்பாயூடாகப் பாயும் வழுக்கையாறு கடனீரேரியைச் சென்றடைகிறது. அக் கடனீரேரியின் கரைகளில் வளரும் கண்டல் மரத்தைப் பாருங்கள். உவர்நீரில் நின்றும், உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து நீரைப் பருகுகிறது. முற்றாக அடைத்தால் தாகத்தால் மடியும். முற்றாகத் திறந்தால் உப்பால் மடியும்.

தன்னது எது, பிறிது எது என்று உடல் எவ்வாறு அறிகிறது? ஓர் எலிக்கு வேறு குல எலியின் தோலை ஒட்டினால் அதன் உடல் அதைத் தள்ளிவிடும். ஆனால் தாய் வயிற்றிலேயே அந்த வேற்றுக் குலத்தின் கலங்களைப் பெற்ற குட்டி, வளர்ந்தபின் அக்குலத்தின் தோலை ஏற்றுக்கொண்டதை 1953இல் பீற்றர் மெடவாரும் துணைவர்களும் காட்டினார்கள். 1960இல் அவருக்கும் மக்ஃபர்லேன் பேனற்றுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. ஆக, அந்நியர் யார் என்பதை உடல் இளமையிலே கற்றுக்கொள்கிறது.

தவறாகக் கற்றால், உடல் தன்னையே பகையென்று தாக்கும். சிறுவரைப் பெரிதும் பீடிக்கும் ஒருவகை நீரிழிவு அப்படி வருவதே. இத்தகைய தாக்குதலை அடக்கும் கலங்களும் உடலில் உண்டு. அவை பற்றிய ஆய்வுக்காக மேரி பிரங்கோவ், பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோர் 2025இல் நொபெல் பரிசு பெற்றனர்.

"வேற்றுமை பார்ப்பது இயற்கை நியதி" என்று சாதிக்கு நியாயம் சொல்வோர் நம்மிடையே உண்டு. கிணற்றுக் கட்டிலும் வழிபாட்டிடத்திலும் அயலவரைத் தள்ளி நிறுத்திய மண் இது. உடலில் நடப்பதெல்லாம் மனிதனுக்கு அறமாகிவிடாது. உடலுக்கு இல்லாத சுதந்திரம் நமக்கு உண்டு. ஆயினும் உடலைச் சாட்சிக்கு அழைப்போர் அதன் சாட்சியத்தை முழுமையாகக் கேட்கட்டும். வேலி வேண்டாமென்று அது சொல்லவில்லை. குடும்பத்துக்கும் மொழிக்கும் விசுவாசத்துக்கும் தனித்தன்மை வேண்டியதே. ஆனால் தன் சொந்தக் கலத்தையே பகையென்று தாக்கும் நிலைக்கு நோய் என்பதே பெயர்.

பிறக்கும் குழந்தைக்கு அயலவரின் சாதி தெரியாது. சோற்றுக் கோப்பைக்கு முன்னிருந்து நாம் பேசும் பேச்சிலேதான் அதைக் கற்றுக்கொள்கிறது. இன்றிரவு நம் பிள்ளைகள் நம்மிடம் எதைக் கற்கப் போகிறார்கள்? வேலியை மட்டுமா, பொட்டையும் சேர்த்தா?