நோன்பும் வெற்றிலைப் பெட்டியும்



காவிரிக் கரையில் வாழும் நமக்கு வெற்றிலையைப் பற்றிப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. பாபநாசம், இராஜகிரி, அய்யம்பேட்டைப் பக்கம் அகத்தியில் கொடி படர்ந்து நிற்கும் கொடிக்கால்களைப் பார்த்தே வளர்ந்தோம். நிக்காஹ் பேசி முடித்தால் வெற்றிலை பாக்கு; விருந்து முடிந்தாலும் அதுவே. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலையின் மீது நமக்குக் குறையில்லை; அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. உள்ளே மடித்து வைக்கும் பாக்கையும் புகையிலையையும் பற்றித்தான் பேச்சு.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குப் போட்டால் தீங்கில்லை என்பார்கள். நாமும் அப்படி நம்பியவர்கள்தாம். ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் சொல்லிவிட்டது. வாயின் உட்புறம் இறுகி, ஒரு கவளச் சோற்றுக்குக் கூட வாய் திறக்க முடியாமல் போகும் நோயும் பாக்கினால் வருவதே. பெரிய உம்மாமார்களையும் சேர்த்தே சொல்கிறோம். உரலில் இடித்துப் போடுவதால் பாக்கின் குணம் மாறிவிடாது!

"விட முடியவில்லையே" என்பார்கள். ரமளானில் சஹர் முடிந்ததிலிருந்து மக்ரிபு வரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் விட்டிருப்பது யார்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, நோன்புக் கஞ்சியைக் குடித்து முடிக்குமுன் பெட்டியைத் தேடிய கை நம்முடையதும்தான். பகலெல்லாம் அல்லாஹ்வுக்காக அடங்கிக் கிடந்த நப்ஸு, மக்ரிபுக்குப் பின் யாருக்காகக் கட்டவிழ்கிறது?

மதுவைத் தடுத்தபோது அல்லாஹு தஆலா படிப்படியாகவே தடுத்தான். அதன் பலனைவிடப் பாவம் பெரிதென்று முதலில் உணர்த்தினான். பின்னர் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்றான். ஐவேளையும் தொழுகிறவருக்குக் குடிக்கும் நேரம் தானே சுருங்கிவிட்டது! முடிவான தடை வந்தபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரலி) அவர்கள் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்புக் காதில் விழுந்ததும் கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் அது ஓடியது. கையிலிருப்பதை முடித்துவிடுவோம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பாக்கும் மதுவும் ஒன்றென்று பத்வா கொடுக்க நாம் வரவில்லை; அது உலமாக்களின் பொறுப்பு. விடும் வழியைத்தான் அங்கிருந்து கற்கிறோம்.

ஆகவே இஃப்தார் விரிப்பிலிருந்து முதலில் பெட்டியை அகற்றுங்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே பள்ளியிலேயே தங்கிவிட்டால் பாதிப் போர் முடிந்தது. புகையிலையை விட்டவருக்கு முதல் சில நாட்கள் கடுமைதான். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அந்நாட்களில் அவர் சிடுசிடுத்தால் வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும். வேட்கை எழும்போதெல்லாம் ஒளூச் செய்து மிஸ்வாக்கை எடுங்கள். சில நிமிஷங்களில் அது தணிந்துவிடும்.

வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படலமோ இரண்டு மூன்று வாரம் நின்றால், பெருநாள் கழியட்டும் என்று தள்ளாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முந்திய நாள் போட்டதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.