பெட்டியின் அருகே எரியும் திரி



தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயமே கூடிவிடும். மரணாதாரச் சங்கம் பெட்டிக்கு ஏற்பாடு செய்யும். வெள்ளைக் கொடி கட்டுவார்கள். சமயம் பாராமல் எல்லாரும் தோள் கொடுப்பார்கள். இது நல்ல வழக்கம். ஆனால், பெட்டி கோவிலுக்குள் போனதும் நம்மில் எத்தனை பேர் வாசலோடு நின்றுவிடுகிறோம்! உள்ளே திருப்பலி நடக்கிறது. வெளியே வெற்றிலையும் ஊர்க்கதையும் நடக்கின்றன. முகத்தைக் காட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம்.

அப்படி எண்ணுகிறவர்கள் மீரியபெத்தவைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிரோடு இருந்தவர்களைக் காலத்தோடு வேறிடத்தில் குடியேற்றாமல் விட்ட குற்றம், சேறு காய்ந்ததும் மறைந்துவிடாது. நாட்கணக்கில் தோண்டியும் சில உடல்களே கிடைத்தன. மற்றவர்களுக்கு அந்த மலையே கல்லறையாயிற்று.

அதற்கு நான்காம் நாள், நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். வழக்கம்போலச் சேமக்காலைகளில் திரிகள் எரிந்தன. மீரியபெத்தவில் திரி வைக்கக் கல்லறை எங்கே? அங்கே மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் இந்துச் சகோதரர்கள். எந்தச் சமயத்தவரானாலும் பெற்ற மனம் கேட்பது ஒன்றுதான்: முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், கையால் ஒரு பிடி மண் போட வேண்டும். அந்த ஆறுதல் நமக்குக் கிடைக்கும்போது, அதை வாசலில் நின்று வீணாக்கலாமா?

உள்ளே வந்து பாருங்கள். பெட்டியின் அருகே பாஸ்காத் திரி எரிகிறது. உயிர்ப்புத் திருவிழா இரவில் ஏற்றிய அதே திரி! பெட்டியின்மேல் தெளிக்கும் தீர்த்தம் ஞானஸ்நானத்தை நினைவூட்டுகிறது. தூபம் காட்டுவது, அந்த உடல் தூய ஆவியின் ஆலயமாக இருந்ததால். ஒரு காலத்தில் குருவானவர் கறுப்பு உடையே அணிந்தார். கிறிஸ்தவனின் சாவில் பாஸ்கா மறைபொருள் தெளிவாய்த் தெரிய வேண்டும் என்று 1963இல் வத்திக்கான் சங்கம் கேட்டது. 1969இல் சடங்கு முறை புதுப்பிக்கப்பட்டது. இப்போது வெள்ளை உடையிலும் வழியனுப்புகிறோம்.

மறையுரை, இறந்தவரின் புகழ்மாலையாக இருக்கக்கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. இதனால் சில குடும்பங்களுக்கு மனவருத்தம் உண்டு. ஆனால், நாம் கொண்டாடுவது பட்டங்களையும் பதவிகளையும் அல்ல. விசுவாசத்தில் வாழ்ந்த வாழ்வை. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்று, ஏழைகளிடம் வந்தார். 1982இல் மரித்தார். அவரைப் போன்ற ஆயரையும், விடியுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறித்து, இரவில் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக்கொடுத்த ஒரு தாயையும் திருச்சபை அதே நம்பிக்கையோடுதான் அனுப்பிவைக்கிறது. இருவருக்கும் அதே திரி, அதே தீர்த்தம்.

அப்படியானால் அழக்கூடாதா? தாராளமாக அழுங்கள். இலாசரின் கல்லறையருகே ஆண்டவரே அழுதார். புனித சின்னப்பரும் தெசலோனிக்கருக்கு அழுகையைத் தடுத்து எழுதவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல் துயரப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார்.

உடல் கிடைக்காதவர்களையும் திருச்சபை கைவிடுவதில்லை. பெட்டி இல்லாமலும் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். இலாசரைப் பெயர் சொல்லி அழைத்தவருக்கு, மீரியபெத்த மண்ணுக்குள் உறங்குகிறவர்களின் பெயர்களும் தெரியும்.

ஆகையால், அடுத்த முறை மணி அடிக்கும்போது வாசலில் நிற்காதீர்கள். உள்ளே வந்து, செபங்களுக்கு வாய்திறந்து பதில் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்குங்கள். மண் போட்டுக் கைகழுவியதோடு விட்டுவிடாமல், 31ஆம் நாளிலும் அந்த வீட்டுப் படி ஏறுங்கள். அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பாருங்கள். நாம் ஏற்றிய திரியின் வெளிச்சம் அந்த வீட்டுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும்.