அகப்பையைக் கையில் எடுங்கள்!

"எனக்குக் கைப்பக்குவம் இல்லை" என்று இனிமேல் சொல்லாதீர்கள். ஒடியல் கூழின் வாசத்துக்கு வாயூறி வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நீங்கள். கூழ் என்றால் அப்பம்மா காய்ச்சினால்தான் உண்டு என்று ஏன் கைகட்டி நிற்கிறீர்கள்? அப்பம்மா அகப்பையும் கையுமாகப் பிறந்தவரா? கொதியைப் பார்த்தார், நாக்கில் விட்டுப் பார்த்தார், குறைந்ததைக் கூட்டினார். உங்களுக்கும் கண் இருக்கிறது, நாக்கு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கவனம் வேண்டிய இடம் ஒடியல் மா. பனங்கிழங்கை அவிக்காமல், பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவைத்து இடித்த மா அது, கசக்கும். நிறையத் தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மா அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரைச் சரித்து ஊற்றிவிடுங்கள். கசப்பும் அதோடு போகும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் துணிந்து இறங்குங்கள்!

8 பேருக்கு 250 கிராம் மா போதும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கட்டும். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு முதலில்; அவை வேக நேரமெடுக்கும். பிறகு பயத்தங்காய், மீன் தலை, நண்டு. இறாலும் கணவாயும் கடைசியில்தான். முந்திப் போட்டால் ரப்பர். செத்தல் மிளகாயை நன்றாக அரைத்துப் பழப்புளிக் கரைசலில் கலந்து விடுங்கள். முள் பொடியான மீன் மட்டும் வேண்டாம், கூழுக்குள் முள்ளைத் தேட முடியாது.

இனி மாவைக் கரைத்து ஊற்றுங்கள். கொதித்துக்கொண்டிருந்த பானை சட்டென்று அடங்கும். பிறகு மெல்லத் தடிக்கும். அகப்பை கனக்கும். நடுவில் ஒரு குமிழி எழும்பிப் 'பொளக்' என்று வெடிக்கும். பலர் பயந்து அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். அணைக்காதீர்கள்! தீயைக் குறைத்து, அடிப்பிடிக்க விடாமல் துழாவுங்கள். கை வலித்தாலும் துழாவுங்கள்!

தடித்துவிட்டதா? சுடுதண்ணீர் விடுங்கள். உப்பும் புளியும் குறைவா? கூட்டுங்கள். எதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், அடுப்பிலேயே திருத்த முடியாத பிழை கூழில் மிகக் குறைவு. புதிதாகச் சமைக்க வருபவரைக் கைவிடாத சாப்பாடு இது. இதற்கா பயந்தீர்கள்?

டொரன்டோவில் இருக்கிறேன், லண்டனில் இருக்கிறேன் என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை. அங்குள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பைக்கற்றில் கிடைக்கிறது. ஊரில் கூழுக்குப் போடும் ஒட்டி மீன் இல்லாவிட்டால் கிடைக்கிற சதை மீனைப் போடுங்கள். மச்சம் தொடாத வீடுகளில் மரக்கறி போட்டுச் சைவக் கூழே காய்ச்சுகிறார்கள்!

ஒன்று மட்டும் உரிமையோடு கேட்கிறேன்: உங்களுக்கு மட்டும், ஒரு கிண்ணத்துக்கு என்று காய்ச்சாதீர்கள். கூழ் கூட்டத்துக்கானது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்களைக் கூப்பிடுங்கள். பனையோலைப் பிளா இல்லாவிட்டால் கோப்பை போதும். கடிக்கத் தேங்காய்ச் சொட்டு வையுங்கள். அவர்கள் மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடிக்கும்போது "சரியா வந்திருக்கோ?" என்று முகம் பார்த்துத் தயங்காதீர்கள். நிமிர்ந்து நின்று, அகப்பையை நீட்டிக் கேளுங்கள்: "இன்னும் கொஞ்சம் விடட்டோ?"